ஒரிஜினல் கார், டூப்ளிகேட் ஸ்பிரிங்

ஷோரூமிலிருந்து வெளியே வந்தபோது கார் எப்படி இருந்ததோ, அப்படியே பந்தயத்துக்குக் கொண்டுவர வேண்டும். இன்ஜினை நோண்டக் கூடாது. ஸ்பிரிங்கைத் தொடக் கூடாது. 1949-இல் அமெரிக்காவில் ஒரு மனிதர் இப்படிச் சட்டம் போட்டு ஒரு தேசிய சாம்பியன்ஷிப்பையே ஆரம்பித்தார். போட்டிக்குப் பெயரே 'ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்'. அக்மார்க் ஒரிஜினல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அதைக் கடைப்பிடிக்க வந்து வரிசையில் நின்றவர்களைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். அவர்களில் பல பேருக்குத் தொழில், கள்ளச்சாராயக் கடத்தல்.

பதறாதீர்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-லேயே முடிந்துபோயிற்று. ஆனால் வரி முடியவில்லையே! ஜார்ஜியாவிலும் வட கரோலினாவிலும் மலைக்காட்டுக்குள் காய்ச்சுகிற சரக்குக்கு எந்த மடையன் வரி கட்டுவான்? ராவோடு ராவாக ஊருக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டால் தீர்ந்தது. பின்னால் வரித்துறை ஆபீசர்கள் துரத்திக்கொண்டு வருவார்கள். அவர்களுடைய காரைவிட நம் கார் வேகமாகப் போக வேண்டும்; பார்ப்பதற்கு மட்டும் பாதிரியார் கார் மாதிரி இருக்க வேண்டும். ஆகவே வெளியே பரம சாதுவான ஃபோர்டு, உள்ளே ராட்சசன்.

இன்னொரு சிக்கல் உண்டு. டிக்கி நிறையச் சாராயம் ஏற்றினால் கார் பின்பக்கம் குந்திக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்க்கிற போலீஸ்காரனுக்கே விஷயம் விளங்கிவிடும். அதனால் பின் ஸ்பிரிங்கை விறைப்பாக்கி வைத்தார்கள். முழு லோடு ஏற்றினாலும் வண்டி நிமிர்ந்து நிற்கும், வளைவில் ஆடாது. இந்தக் கடைசிச் சமாச்சாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோர்ட் கேஸ் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

சட்டம் போட்ட மகான் பில் ஃபிரான்ஸ். உயரம் 6 அடி 5 அங்குலம். பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர், மெக்கானிக், தானே பந்தயமும் ஓட்டியவர். வாஷிங்டன் குளிர் தாங்காமல் 1930-களின் நடுவில் மனைவி, குழந்தையோடு ஃப்ளோரிடா பக்கம் கிளம்பினார். டேடோனா கடற்கரையில் கார் மக்கர் பண்ணியது, சரி விதி விட்ட வழி என்று அங்கேயே தங்கிவிட்டார் என்று ஒரு காவியக் கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஐயா, அவர் மெக்கானிக்! கார் ரிப்பேரானதால் ஒரு மெக்கானிக் ஊரில் செட்டில் ஆனார் என்பதை நம்பினால், டாக்டர் ஜலதோஷம் பிடித்து ஆஸ்பத்திரியிலேயே குடியேறினார் என்பதையும் நம்பலாம்.

டேடோனா அப்போதே கார்ப் பைத்தியங்களின் ஊர். கெட்டியான கடற்கரை மணலில் உலக வேக சாதனைகளெல்லாம் நடந்திருக்கின்றன. ஃபிரான்ஸ் அங்கே மணலையும் பக்கத்து ரோட்டையும் இணைத்து வட்டமடிக்கிற பந்தயங்களை நடத்த ஆரம்பித்தார். எப்போது ஆரம்பிப்பது என்பதைக் கடல் அலை தீர்மானிக்கும். அலை ஏறி வந்தால் டிராக்கே காணாமல் போகும். திறந்தவெளிக் கடற்கரையில் டிக்கெட் இல்லாமல் நுழைகிறவர்களை எப்படித் தடுப்பது? வேலி போடக் காசு வேண்டும். ஃபிரான்ஸ் புதர்களுக்குப் பக்கத்தில் 'பாம்பு ஜாக்கிரதை' என்று போர்டு வைத்தார். டிக்கெட் கவுண்டரில் கூட்டம் சேர்ந்தது.

1938-இல் நடந்த ஒரு பந்தயத்தில் ஸ்மோக்கி பர்சர் என்பவர் முதலில் வந்தார். வந்தவர் பிரேக் போடவில்லை. கோட்டைத் தாண்டி அப்படியே கடற்கரையோரமாகப் போய்க் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்! சில மணி நேரம் கழித்து, காரிலிருந்து கழற்ற வேண்டியதையெல்லாம் கழற்றிவிட்டு, ஒன்றுமறியாப் பிள்ளையாகத் திரும்பினார். தகுதி நீக்கம். இரண்டாவதாக வந்தவருக்குத்தானே பரிசு போக வேண்டும்? இரண்டாவதாக வந்தவர் ஃபிரான்ஸ். போட்டியை நடத்தியதும் ஃபிரான்ஸ். பந்தயத்தை நடத்தியவரே பரிசையும் எடுத்துக்கொண்டால் ஊர் வாயை மூட முடியுமா? மூன்றாவதாக வந்தவரைக் கூப்பிட்டுப் பரிசைக் கொடுத்தார். கோப்பையை விட்டால்தான் கல்லாப்பெட்டி நிற்கும் என்று தெரிந்த முதல் பந்தயக்காரர் இவர்தான்.

1947 டிசம்பர் 14. டேடோனாவில் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டல், மாடியில் இருக்கிற எபனி பார். பந்தய அமைப்பாளர்கள், டிரைவர்கள், மெக்கானிக்குகள் என்று முப்பது சொச்சம் பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். புகை, சரக்கு, சத்தம். அதுவரை இந்தத் தொழிலில் பெரிய பிரச்சினை, பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைப்பாளர் டிக்கெட் பணத்தோடு கம்பி நீட்டிவிடுவார். இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்ட ஒரு சங்கம் வேண்டும் என்று பேசினார்கள். கையெழுத்துக்கு முன்னால் பெயர் வைக்க வேண்டுமே! ஓட்டெடுப்பு நடந்தது. ஜெயித்த பெயரில் ஏற்கெனவே ஜார்ஜியாவில் ஒரு சங்கம் இருந்தது. உடனே தோற்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தோற்ற பெயர்தான் நாஸ்கார். அதை முன்மொழிந்தவர் ரெட் வோக்ட் என்ற அட்லாண்டா மெக்கானிக். சாராயம் கடத்துபவர்கள் காரும் அவரிடம்தான் சர்வீசுக்கு வரும், துரத்துகிற ஆபீசர்களின் காரும் அவரிடம்தான் வரும் என்பார்கள். யார் கார் எப்போதும் ஒரு மயிரிழை கூடுதல் வேகம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு பாரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் 'நம்ம சங்கம்' என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். 1948 பிப்ரவரியில் அது கம்பெனியாகப் பதிவானது. சங்கம் என்று பெயர்ப்பலகை, உள்ளே பில் ஃபிரான்ஸ் கம்பெனி. பதிவு செய்து கொடுத்த வக்கீல், ஃபிரான்சின் பெட்ரோல் பங்க் கஸ்டமர். இன்றுவரை அது அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பார் பில்லை யார் கட்டியிருந்தாலும், லாபம் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

முதல் வருடம் பழைய கார்களை உடைத்து ஒட்டி ஓட்டும் 'மாடிஃபைட்' பந்தயங்கள்தான். போர் முடிந்த நேரம், புதுக்காருக்கு ஜனங்களே க்யூவில் நிற்கிறார்கள்; அதை எடுத்துவந்து மண் டிராக்கில் உருட்டினால் அடிக்க வருவார்கள் என்ற பயம். 1949-க்குள் தட்டுப்பாடு தணிந்தது. போதாக்குறைக்கு புரூட்டன் ஸ்மித் என்று 22 வயதுப் பையன் ஒருவன் போட்டிக் கடை விரித்து, நானும் புதுக்கார் பந்தயம் நடத்துவேன் என்று கிளம்பினான். ஃபிரான்ஸ் விழித்துக்கொண்டார். நீ திங்கட்கிழமை வாங்கிய அதே மாடல் கார் ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்குமா, ஜெயிக்காதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள மனுஷன் டிக்கெட் வாங்குவான் என்று கணக்குப் போட்டார். கணக்கு தப்பவில்லை. மற்றது எல்லாம் தப்பியது.

1949 ஜூன் 19, வட கரோலினாவில் சார்லட் ஊர். முக்கால் மைல் செம்மண் டிராக், 200 சுற்று, 33 கார்கள், முதல் பரிசு 2,000 டாலர். நாஸ்காரின் 'ஒரிஜினல் கார்' சாம்பியன்ஷிப்பில் முதல் பந்தயம். அமெரிக்காவின் நடுப்பகுதியான கான்சாசிலிருந்து ஜிம் ரோப்பர் என்று ஒருவர் ஆயிரம் மைலுக்கு மேல் ஒரு லிங்கன் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பந்தயச் செய்தி அவருக்கு எப்படித் தெரிந்தது? பேப்பரில் வந்த ஒரு படக்கதையில்! 'ஸ்மைலின் ஜாக்' என்ற விமானிக் கதையை வரைந்தவர் அதற்குள் இந்தப் பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை போட்டிருந்தார். காமிக்ஸ் படித்துவிட்டு ஆயிரம் மைல் வண்டி ஓட்டுகிறவரைப் பற்றி நாம் கேலி பேச வேண்டாம். நடந்ததைக் கேளுங்கள்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் டிராக் முழுக்கப் புழுதி. ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியவில்லை. ரேடியேட்டர்கள் கொதித்தன. அன்றாட வாழ்க்கைக்குச் செய்த கார்களை 150 மைல் இப்படி விரட்டினால் அவை வேறென்ன செய்யும்? முதல் இடத்திலிருந்து புறப்பட்ட பாப் ஃபிளாக்கின் இன்ஜின் படுத்துவிட்டது. சும்மா நிற்கப் பிடிக்காமல், சாரா கிறிஸ்டியன் என்ற பெண்மணியின் காரை வாங்கி ஓட்டினார். ஆம், முதல் பந்தயத்திலேயே பெண் டிரைவர். 'மகளிர் சிறப்பு' என்று எந்த போஸ்டரும் ஒட்டவில்லை. நல்ல காலம்.

லீ பெட்டி என்ற முப்பத்தைந்து வயது குடும்பஸ்தர் ஒரு ப்யூக் ரோட்மாஸ்டரில் வந்திருந்தார். பெரிய கார், கௌரவமான கார், கனமான கார். ஒரே ஒரு குறை, அது அவருடையது இல்லை. நண்பரிடம் இரவல். மனைவி மக்களை அதே காரில் ஏற்றிக்கொண்டு வந்து, இறக்கிவிட்டு, பந்தயத்துக்குள் போனார். பாதித் தூரம் தாண்டியதும் கார் கரணம் அடித்து உருண்டு அப்பளமாகிவிட்டது. ஆளுக்குப் பெரிய காயமில்லை. குடும்பம் லிஃப்ட் கேட்டு வீடு போய்ச் சேர்ந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மகன் ரிச்சர்டுக்கு அப்போது 12 நிறையவில்லை. பிற்காலத்தில் 200 பந்தயங்கள் ஜெயித்து, 7 முறை சாம்பியனாகி, 'ராஜா' என்று பட்டம் வாங்கியவர் அவர்தான். குடும்பத் தொழிலின் முதல் நாள் கல்லா, ஓர் இரவல் கார் நஷ்டம்.

பந்தயத்தை ஜெயித்தவர் க்ளென் டன்னவே. சும்மா ஜெயிக்கவில்லை, மூன்று சுற்று முன்னால் வந்து ஜெயித்தார். 1947 மாடல் ஃபோர்டு. சொந்தக்காரர் ஹூபர்ட் வெஸ்ட்மோர்லேண்ட். புத்தம் புது லிங்கன்களும் ஹட்சன்களும் கொதித்து நிற்கும்போது இரண்டு வயதுப் பழைய ஃபோர்டு மட்டும் வளைவுகளில் ஆடாமல் அசையாமல் போனால் சந்தேகம் வருமா, வராதா? இன்ஸ்பெக்டர்கள் குனிந்து பார்த்தார்கள். பின் ஸ்பிரிங்! சாராயக் கார்களுக்குச் செய்கிற அதே விறைப்பு வேலை. அந்தக் கார் அதே வாரம்தான் ஒரு லோடு இறக்கிவிட்டு வந்தது என்றுகூடச் சொல்வார்கள். டிக்கியில் பாட்டில் இல்லாததுதான் பாக்கி.

டன்னவே முதலிடத்திலிருந்து நேராக 33-ஆம் இடத்துக்கு, அதாவது கடைசி இடத்துக்கு அனுப்பப்பட்டார். ஐபிஎல்லில்கூட ஒரே ராத்திரியில் இப்படி ஒரு சரிவை நான் பார்த்ததில்லை. பாவம், ஸ்பிரிங்கை முறுக்கியதும் அவர் இல்லை, கார் அவருடையதும் இல்லை. காமிக்ஸ் படித்துவிட்டு வந்த ஜிம் ரோப்பர், தான் ஜெயித்ததைத் தானே பார்க்காமல் ஜெயித்தார். நாஸ்காரின் 'ஒரிஜினல் கார்' சாம்பியன்ஷிப்பில் முதல் வெற்றியாளர் என்று சரித்திரத்தில் அழியாத இடம். அதன்பின் அந்த மனிதர் நாஸ்காரின் இந்தப் பிரிவில் ஓட்டியது இன்னும் ஒரே ஒரு பந்தயம். அழியாப் புகழுக்கு இதைவிட மலிவான வழி இருந்தால் சொல்லுங்கள்.

வெஸ்ட்மோர்லேண்ட் சும்மா இருப்பாரா? 10,000 டாலர் நஷ்ட ஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போனார். பரிசே 2,000 டாலர்தான். மீதி 8,000 மானத்துக்கு! ஒரு சாராயக் காரின் கற்பைக் காப்பாற்ற வழக்குத் தொடர்ந்த முதல் மனிதர் என்று அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். போட்டி நடத்துகிறவருக்கு விதியை அமல்படுத்த உரிமை உண்டு என்று ஆயிற்று. ஃபிரான்ஸ் ஆயிரம் போஸ்டர் ஒட்டினாலும் கிடைக்காத அதிகாரத்தை, ஏமாற்றிய ஆளே வக்கீல் ஃபீஸ் கொடுத்து வாங்கித் தந்தார்.

ஜூலை 10, டேடோனா கடற்கரை. இங்கே ஃபிளாக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். பாப், ஃபாண்டி, டிம் என்று மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று பேரும் பந்தயக்காரர்கள். ஒரு சகோதரி ரியோ, கார் கம்பெனி பெயர் வைத்த பெண், பாராசூட்டில் குதிப்பார். இன்னொரு சகோதரி எத்தல். எத்தில் பெட்ரோலின் ஞாபகமாக அப்பா வைத்த பெயர் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. அழகான கதை. அந்தப் பெட்ரோல் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1923-இல். கடைக்குட்டி டிம் பிறந்ததே 1924-இல். எத்தல் அவருக்கு அக்கா. நடுவில் ஃபாண்டி வேறு, பாப் வேறு. அப்பா ஜோசியம் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்க வேண்டும்.

பாப்பின் கதையும் குறைந்ததில்லை. அட்லாண்டாவின் லேக்வுட் டிராக்கில் சாராய கேஸ் உள்ளவர்களுக்குத் தடை. அவர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நுழைந்துவிட்டார். போலீஸ் அடையாளம் கண்டு டிராக்குக்குள்ளேயே துரத்த, பாப் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே பாய்ந்து, ஊருக்குள் ஓடினாராம். டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஒரே காசில் இரண்டு பந்தயம்.

டேடோனாவில் அன்றைக்கு நான்கு ஃபிளாக்குகளும் ஒன்றாக இறங்கினார்கள். டிம் இரண்டாவது. எத்தல் 11-வது. ஃபாண்டி 19, பாப் 22! இரண்டு வீரப் பந்தய சிங்கங்களைத் தங்கள் சகோதரி பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போனார். அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் உப்பை எடுத்துக் கொடு என்றுகூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதே பந்தயத்தில் தென் கரோலினாவின் லூயிஸ் ஸ்மித். இவரும் பெண், ஓட்டுவதில் அசகாய சூரி. டேடோனா கதையை இப்படிச் சொல்வார்கள்: ஊருக்கு ஒரு டிரிப் போய்வருகிறேன் என்று கணவரின் புது ஃபோர்டை எடுத்துக்கொண்டு போனார். பந்தயத்தைப் பார்த்தார். கை அரித்தது. இறங்கிவிட்டார். கார் நொறுங்கியது. பஸ் பிடித்து வீடு வந்து, கார் வழியில் ரிப்பேராகி நிற்கிறது என்று ஒரு கதை விட்டார். கணவர் பதில் பேசாமல் அன்றைய செய்தித்தாளை எடுத்து நீட்டினார். முதல் பக்கத்தில் நொறுங்கிய கார். அந்தக் காலத்திலேயே இந்த நிலை. லொகேஷன் ஷேரிங் வந்த பிறகு மனிதன் எப்படிப் பொய் சொல்லிப் பிழைப்பான்?

ஜெயித்தவர் ரெட் பைரன். அந்த சீசனில் கேலி செய்யக் கை வராத ஒரே ஆள். போரில் பி-24 குண்டுவீச்சு விமானத்தில் இருந்தவர். அலாஸ்கா பக்கத்துத் தீவுகளின் மேல் பறந்தபோது அடிபட்டு இடது கால் சிதைந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷத்துக்கும் மேல். வெளியே வந்தவர், காலுக்கு இரும்புப் பட்டை மாட்டி, அதை கிளட்ச் பெடலோடு பூட்டிக்கொண்டு ஓட்டினார். மற்றவர்கள் அவரோடு மோதும்போது கொஞ்சம் தள்ளியே மோதினார்களா? இல்லவே இல்லை. பந்தயக்காரனுக்கு இரக்கம் பந்தயம் முடிந்த பிறகுதான் வரும்.

அவருடைய காரின் சொந்தக்காரர் ரேமண்ட் பார்க்ஸ். எப்போதும் கோட்டு, தொப்பி, பேங்க் மேனேஜர் களை. பதினாலு வயதில் வீட்டை விட்டு ஓடி, சாராயத்தில் சம்பாதித்து, ஒன்பது மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த கனவான். அவர் கார்கள் எப்போதும் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருக்கும். ரெட் வோக்ட்தான் மெக்கானிக். ஃபிரான்சுக்குப் பண முடை வந்த காலத்தில் கை கொடுத்தவரும் இவர்தான் என்பார்கள். அப்புறம் பந்தயத்தில் பணம் போட்டது போதும் என்று நிறுத்திவிட்டார். சாராயத்தில் சம்பாதித்ததைப் பந்தயத்தில் தொலைக்காமல் பிழைத்தவர், 2010-இல் 96 வயதில் காலமானார். நாஸ்கார் தனது கௌரவ மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுக்க 2017 வரை யோசித்தது. ஃபிரான்ஸ் முதல் பட்டியலிலேயே உள்ளே போய்விட்டார். இதில் வியக்க என்ன இருக்கிறது, மண்டபம் யாருடையது?

ஆகஸ்ட் 7, ஹில்ஸ்பரோ: பாப் ஃபிளாக் வென்றார். கைக்குட்டை தேவைப்படவில்லை. செப்டம்பர் 18, நியூயார்க் மாநிலத்தில் ஹாம்பர்க்: ஜாக் வைட், லிங்கன். அவ்வளவுதான் அந்த இரண்டும்.

நடுவில் செப்டம்பர் 11, பென்சில்வேனியாவின் லாங்ஹார்ன். ஒரு மைல் வட்டம், நேரான பாதை என்று ஒரு அடிகூட இல்லை. ஆரம்பம் முதல் முடிவு வரை ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 45 கார்கள். சாரா கிறிஸ்டியன் ஆறாவது வந்தார். ஜெயித்த கர்டிஸ் டர்னர் அவரையும் மேடைக்குக் கூப்பிட்டார். டர்னர் மர வியாபாரி. லட்சங்களை ஈட்டுவதும் தொலைப்பதும் அவருக்குப் பொழுதுபோக்கு. பிற்காலத்தில் ஒருமுறை, கூட வந்த நண்பரின் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துவருவதற்காகத் தன் குட்டி விமானத்தை ஊர்த் தெருவிலேயே இறக்கினார் என்று கதை உண்டு. இப்படிப்பட்டவர் ஒரு பெண்மணிக்கு மரியாதை செய்தார் என்றால், அன்று அவர் போதையில் இல்லை என்று அர்த்தம்.

செப்டம்பர் 25, வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில். மறுபடி பைரன். அந்த சீசனில் பந்தயம் நடந்த எட்டு டிராக்குகளில் விடாமல் இன்றுவரை சாம்பியன்ஷிப் நடக்கிற ஒரே இடம் இதுதான். அக்டோபர் 2, பிட்ஸ்பர்க் பக்கம் ஹைடல்பர்க். நம் இரவல்கார் லீ பெட்டி ஒரு லேசான, மலிவான பிளிமத்தில் வந்து ஜெயித்தார். கௌரவக் கார் உருளும், ஏழைக் கார் ஓடும் என்ற ஞானம் அவருக்கு ஒரு ப்யூக் செலவில் வந்திருந்தது. அதே பந்தயத்தில் சாரா ஐந்தாவது. இந்த உச்ச சாம்பியன்ஷிப்பில் ஒரு பெண் பிடித்த மிகச் சிறந்த இடம் அதுவே. கிட்டத்தட்ட முக்கால் நூற்றாண்டு ஆகியும், கோடிக்கணக்கில் ஸ்பான்சர் வந்தும், அதை இன்னும் யாரும் தாண்டவில்லை.

லீ பெட்டியின் சிக்கனம் காருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1959-இல் லேக்வுட்டில் மகன் ரிச்சர்ட் தன் முதல் வெற்றியைப் பெற்றுவிட்டான் என்று கொடி ஆட்டினார்கள். பையன் மேடைக்குப் போனான். ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தார். சுற்றுக் கணக்கு தப்பு, ஜெயித்தது நான்தான் என்றார். சரிபார்த்தார்கள். அவர் சொன்னது சரி. பரிசு மாறிப் போனது. ஆட்சேபித்தவர் லீ பெட்டி. பெற்ற மகனாவது, மற்றதாவது!

அக்டோபர் 16, கடைசிப் பந்தயம், நார்த் வில்க்ஸ்போரோ. சாராயத்தின் தலைநகரம் என்று நாடே அழைத்த மாவட்டம். டிராக்கைச் சமன்படுத்துவதற்குள் பணம் தீர்ந்துபோனதால் ஒரு பக்கம் இறக்கம், ஒரு பக்கம் ஏற்றம். அப்படியே விட்டுவிட்டார்கள். பாப் ஃபிளாக் வென்றார். உள்ளூர் நிலவரம் அவருக்குத் தெரியாததா?

எட்டுப் பந்தயங்களில் ஆறில்தான் ஓட்டினார் பைரன். இரண்டு வெற்றி, 842.5 புள்ளிகள், முதல் தேசிய சாம்பியன். லீ பெட்டி 725-உடன் இரண்டாவது. சீசன் முழுக்க பைரன் சம்பாதித்தது 5,800 டாலர். சிதைந்த காலோடு பட்டம் வென்ற போர் வீரர்; ஃபிரான்ஸ் தேடினாலும் இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. 1950-இல் அதே பைரன், நாஸ்காருக்கு வெளியே ஒரு பந்தயம் ஓட்டினார். ஃபிரான்ஸ் அவருடைய புள்ளிகளைப் பிடுங்கிக்கொண்டார். லீ பெட்டியும் அதே தப்பைச் செய்தார். 809 புள்ளி போயிற்று. அந்த வருடப் பட்டமும் அதோடு போயிற்று. சட்டம் என்றால் சட்டம்தான். யார் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

அப்படியா?

1950 செப்டம்பர் 4, தென் கரோலினாவில் டார்லிங்டன். தார் போட்ட புது டிராக், 500 மைல், 75 கார்கள். அதுவரை அந்த மாதிரி ஒரு பந்தயம் நாஸ்கார் நடத்தியதே இல்லை. பெரிய இன்ஜின் கார்களெல்லாம் வேகத்தில் டயரைக் கிழித்துக்கொண்டு வரிசையாக நின்றன. ஜானி மான்ட்ஸ் என்பவர் ஓட்டிய குட்டி பிளிமத் மட்டும் லாரி டயர் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் உருண்டு உருண்டு முதலில் வந்தது. டார்லிங்டனில் சில்லறை வேலைகளுக்கு, சாமான் வாங்கப் போய்வர வைத்திருந்த கார் அது. பங்குதாரர்கள் நாலு பேர். ஒருவர் கர்டிஸ் டர்னர். ஒருவர் பந்தய அமைப்பாளர் ஆல்வின் ஹாக்கின்ஸ். ஒருவர் சாட்சாத் பில் ஃபிரான்ஸ்.

நாலாவது ஆள், 10,000 டாலர் கேட்டு அதே ஃபிரான்சை கோர்ட்டுக்கு இழுத்த ஹூபர்ட் வெஸ்ட்மோர்லேண்ட்.

இந்தக் காரின் பின் ஸ்பிரிங்கை யாராவது குனிந்து பார்த்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். கோர்ட்டுக்குப் போங்கள்.